முன்வாசலும் பின்வாசலும்

நாம் வாழும் ஊர்களின் பழங்கதைகளை இந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறோம். இம்முறை சான்பிரான்சிஸ்கோ நகரின் நடுவே, மார்க்கெட் வீதியும் நியூ மொண்ட்கொமரி வீதியும் சந்திக்கும் மூலையில் நிற்கும் ‘பலஸ் ஹோட்டல்’ பற்றி எழுதுகிறோம். பலஸ் என்றால் அரண்மனை. பெயருக்கேற்ற கட்டிடம்தான். வாசகர்களில் பலர் பார்ட் ரயிலில் வந்து மொண்ட்கொமரி நிலையத்தில் இறங்கி, அதன் பக்கத்தால் வழக்கறிஞரிடமோ குடிவரவுக் கந்தோருக்கோ நடந்து போயிருப்பீர்கள். கையில் பைலும் மனதில் பயமுமாகப் போகிறவனுக்குப் பக்கத்தில் நிற்கும் கட்டிடம் கண்ணில் படாது.

தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்களுக்கும் பணக்காரர் படுக்கும் ஹோட்டலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் கதையைக் கேளுங்கள்.

கடனில் எழுந்த மாளிகை

வில்லியம் ரால்ஸ்டன் என்பவர் கலிபோர்னியா வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த வங்கி 1864இல் ஆரம்பமானது. பக்கத்து மாநிலமான நெவாடாவில் வெள்ளி தோண்டியெடுக்கப்பட்ட காலம் அது. சுரங்கத்துக்குக் கடன் கொடுத்தே வங்கி கொழுத்தது. ரால்ஸ்டனுக்கு ஓர் ஆசை. நியூயோர்க்குக்கும் ஐரோப்பாவுக்கும் ஈடாகத் தன் நகரிலும் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கவேண்டும் என்பதே அது.

ஐம்பது இலட்சம் டொலர் செலவில் ஏழு மாடி எழுந்தது. எழுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறைகள். நடுவிலே கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றம். விருந்தாளிகளின் குதிரை வண்டிகள் நேரே அந்த முற்றத்துக்குள் வந்து நிற்கும். நீரின் அழுத்தத்தால் ஏறி இறங்கும் லிப்ற்றும், அறையில் இருந்தபடியே வேலையாளை அழைக்கும் மின்சார மணியும் இருந்தன. தளபாடம் செய்யவென்றே ரால்ஸ்டன் தனியாக ஒரு தொழிற்சாலை வைத்திருந்தார்.

அந்த நகரில் 1868இலும் ஒரு நிலநடுக்கம் உணரப்பட்டிருந்தது. ஆகவே சுவர்களுக்குள் இரும்புப் பட்டிகள் வைத்துக் கட்டினார்கள். தீக்குப் பயந்து முற்றத்தின் கீழே ஆறு இலட்சம் கலனுக்கு மேல் கொள்ளும் நீர்த்தொட்டியையும், கூரையில் வேறு தொட்டிகளையும் வைத்தார்கள். எல்லா ஆபத்துக்கும் ஆயத்தம் செய்தவர் தன்னுடைய வங்கிக்கு வரப்போகும் ஆபத்துக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. 1875 ஓகஸ்ட் 26ஆம் திகதி சனம் முண்டியடித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க, வங்கி கதவை மூடியது. மறுநாள் ரால்ஸ்டன் பதவியை விட்டார். வழக்கம்போலக் கடலில் நீந்தப் போனார். உயிரோடு திரும்பவில்லை. தற்செயலா, தானாகத் தேடிக்கொண்டதா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள்.

ஹோட்டல் திறக்கப்பட்டது ஒக்டோபர் 2ஆம் திகதி. கட்டியவர் பார்க்கவில்லை. அவருடைய கூட்டாளி வில்லியம் ஷரன் அதன் சொந்தக்காரர் ஆனார்.

இதிலே எங்கள் வாசகருக்கு ஒரு புதினம். கொழும்புத் துறைமுகத்துக்கு முன்னால் நிற்கும் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலும் அதே 1875ஆம் ஆண்டு, ஒரு மாதம் கழித்து நவம்பரில்தான் திறக்கப்பட்டது. பழைய இராணுவக் குடியிருப்பை மாற்றி அமைத்தது அது. 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் அதில் தங்கினார். பிற்காலத்தில் ‘தப்ரபேன்’ என்ற பெயரும் சில காலம் அதற்கு இருந்தது. கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்வந்த எங்கள் அப்பாமாருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். வெளியிலே நின்று பார்த்த அளவுக்குத் தெரியும். உள்ளே போய் ஒரு தேத்தண்ணி குடித்தவர்கள் மிகக் குறைவு. கப்பலில் வரும் துரைமாருக்காகக் கட்டிய வாசல் அது.

நகரம் முழுவதும் அகதியான நாள்

பலஸ் ஹோட்டலில் ஹவாய் அரசர் கலாகௌவா தங்கியிருந்தார். 1891 ஜனவரி 20ஆம் திகதி அங்கேயே காலமானார். அரசர், தளபதி, நடிகர் என்று பெரிய மனிதர் பலர் வந்து போனார்கள். 1906 ஏப்ரல் 17ஆம் திகதி இரவு இத்தாலியப் பாடகர் கருசோ நகரில் ஓர் இசை நாடகத்தில் பாடிவிட்டு வந்து அங்கே படுத்தார். விடிய 5 மணி 12 நிமிடத்துக்குப் பூமி அதிர்ந்தது.

இரும்புப் பட்டி வைத்த சுவர்கள் அதிர்ச்சியைத் தாங்கின. ஆனால் நகரமெங்கும் தீப் பற்றியது. வீதிக் குழாய்கள் உடைந்து தீயணைப்புப் படைக்குத் தண்ணீர் இல்லை. ஹோட்டல் ஆட்கள் தங்கள் தொட்டித் தண்ணீரைக் கொண்டு பல மணி நேரம் போராடினார்கள். தண்ணீர் முடிந்தது. அன்று பிற்பகல் ரால்ஸ்டனின் அரண்மனை எரிந்தது. தப்பி ஓடிய கருசோ பிறகு அந்த நகரில் காலடி வைக்கவே இல்லை.

நாலு இலட்சம் பேர் வாழ்ந்த நகரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். மூவாயிரத்துக்கு மேல் இறந்ததாகப் பிற்கால ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். பூங்காக்களில் கூடாரம் அடித்தார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அந்த மக்களை அன்றைய பத்திரிகைகளும் அரசாங்கமும் எந்தச் சொல்லால் அழைத்தன தெரியுமா? ‘அகதிகள்’ என்றுதான். நகர வங்கிக்காரனும் அகதி, அவன் வீட்டுச் சமையற்காரியும் அகதி. மழைக்காலம் வருமுன் பூங்காக்களில் சிறு மரவீடுகள் கட்டத் தொடங்கினார்கள். மொத்தம் 5,600க்கு மேல். அவற்றின் பெயரும் ‘அகதிக் குடில்’. மாதம் இரண்டு டொலர் கட்டி, ஐம்பது டொலர் முடிந்ததும் குடில் சொந்தமாகும். பின்பு அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு காணியில் வைத்து வாழ்ந்தார்கள். சில குடில்கள் இன்றும் அந்த நகரில் இருக்கின்றன. பிரசிடியோவில் இரண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மண்டபம், கோபுரம் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குடிலையும் ஒருமுறை பாருங்கள். முகாமில் தகரக் கொட்டிலில் இருந்துவந்த எங்களுக்கு அது புதிய காட்சியாக இருக்காது.

ஆனால் அகதிகளிலும் மேல் கீழ் இருந்தது. சீனர் வாழ்ந்த பகுதி முழுதாக எரிந்தபின் அவர்களைத் தனி முகாமில் ஒதுக்கினார்கள். நல்ல இடம் கிடைத்தது என்று, அவர்களை நகரின் தென்கிழக்கு ஓரத்துக்கு அனுப்பிவிடவும் திட்டம் போட்டார்கள். சீனர் அசையவில்லை. எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டினார்கள். இன்று உலகம் முழுவதும் இருந்து வந்து பார்க்கிறார்களே, அந்தச் சைனாரவுன் அப்படி நின்றதுதான்.

சமத்துவம் பேசிய மண்டபம்

எரிந்த இடத்தில் புதிய பலஸ் ஹோட்டல் 1909 டிசம்பர் 15ஆம் திகதி திறக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது இதைத்தான். முன்பு வண்டிகள் வந்து நின்ற முற்றம் ‘கார்டன் கோர்ட்’ என்ற சாப்பாட்டு மண்டபம் ஆனது. மேலே நிறக் கண்ணாடித் துண்டுகளால் ஆன பெருங்கூரை. பகலில் அதன் ஊடாக வரும் வெளிச்சம் மாவைப்போல மெதுவாக விழும். 1969இல் நகரசபை இந்த மண்டபத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. மதுச்சாலையில் மாக்ஸ்பீல்ட் பாரிஷ் 1909இல் வரைந்த பெரிய ஓவியம் தொங்குகிறது. குழல் ஊதிப் பிள்ளைகளை அழைத்துப் போனவனின் ஓவியம். 2013இல் ஹோட்டல் அதை விற்கக் கழற்றியபோது ஊர்ச் சனம் எதிர்த்து எழுந்ததால் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

1919இல் ஜனாதிபதி வில்சன் சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு கேட்டு இங்கே பேசினார். 1923 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஜனாதிபதி ஹார்டிங், அலாஸ்காப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் நோயுற்று, இந்த ஹோட்டல் அறையில் உயிர்விட்டார்.

1945 ஏப்ரல் 25 முதல் ஜூன் 26 வரை ஐம்பது நாடுகளின் பிரதிநிதிகள் சான்பிரான்சிஸ்கோவில் கூடி ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை எழுதினார்கள். அந்த மாநாட்டுக்கான பெரும் விருந்து கார்டன் கோர்ட்டில் நடந்தது. இனம், பால், மொழி, மதம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் மனித உரிமை என்று அந்தச் சாசனம் சொல்கிறது. இலங்கையும் 1955இல் அதில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் வந்தது. இதற்குமேல் எங்கள் வாசகருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

விருந்து நடந்த மண்டபத்தின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 1875இல் பழைய ஹோட்டல் திறந்தபோது பரிமாறியவர்களிலும் பெட்டி தூக்கியவர்களிலும் பலர் கறுப்பினத்தவர். அந்த நூற்றாண்டு முடியுமுன் அவர்களை நீக்கி வெள்ளையரைச் சேர்த்தார்கள். 1960களிலும் நகரத்துப் பெரிய ஹோட்டல்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் குசினிப் பின்பக்கமும் அறை துப்புரவும்தான். முன்மேசையில், கணக்குப் பிரிவில், பரிமாறும் இடத்தில், விருந்தாளியின் கண்படும் இடத்தில் அவர்களைக் காண்பது அரிது. தடுக்கும் சட்டம் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. விண்ணப்பம் கொடுத்தால் இடமில்லை என்பார்கள். அவ்வளவுதான்.

தரையில் படுத்த இரவு

1964 மார்ச் 6ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. அப்போது ‘ஷெரட்டன் பலஸ்’ என்ற பெயரோடு இருந்த ஹோட்டலின் முன்னால் ஏறக்குறைய 1,500 பேர் பதாகைகளோடு கூடினார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையருமாக, பெரும்பாலும் இளம் ஆட்கள், மாணவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் முன்னுக்கு நின்றவர் ட்ரேசி சிம்ஸ் என்ற கறுப்பினப் பெண். வயது பதினெட்டு. இரவானதும் நூற்றுக்கணக்கானோர் உள்ளே புகுந்து அந்த அழகான முன்கூடத்தில் இருந்தார்கள். பின்பு கைகோர்த்துத் தரையில் படுத்தார்கள். பொலிஸ் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனது. கைதானவர்கள் 167 பேர்.

விடிந்தபின் நகரபிதா ஜோன் ஷெலி நடுவில் நின்று பேசினார். மார்ச் 7ஆம் திகதி உடன்பாடு வந்தது. அந்த ஒரு ஹோட்டல் மட்டுமல்ல, ஹோட்டல் முதலாளிமார் சங்கத்தில் இருந்த முப்பதுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் இனம் பார்க்காமல் எல்லாத் தரத்து வேலைக்கும் ஆள் எடுப்போம் என்று ஒப்புக்கொண்டன.

கைதானவர்களில் மாரியோ சாவியோ என்ற மாணவரும் ஒருவர். அதே ஆண்டு இறுதியில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமைக்காக நடந்த பெரும் போராட்டத்தின் குரலாக அவர் ஆனார். கைதானவர்களுக்காக வழக்காடியவர்களில் வில்லி பிரவுண் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் இருந்தார். 1996இல் அவர் அதே நகரின் நகரபிதாவாகப் பதவியேற்றார்.

அந்த வருடம் ஜூலை 2ஆம் திகதி நாடு முழுவதுக்குமான குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று அதன் ஏழாம் பகுதி சொல்கிறது. ‘பிறந்த நாடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனையும் மட்டக்களப்பில் பிறந்தவளையும் அந்தச் சொல் காக்கிறது. அடுத்த ஆண்டு, 1965 ஒக்டோபரில், ஐரோப்பியருக்கே பெரும்பங்கு ஒதுக்கிய பழைய குடிவரவு முறையை ஒழித்தார்கள். 1980இல் அகதிகள் சட்டம் வந்தது. எங்கள் விண்ணப்பத் தாள்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் போயின. இந்த வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஆனால் தானாகத் திறக்கவில்லை.

எங்களுக்கு என்ன?

எங்களில் பலர் தொழிற்சாலையில் சேருமுன் முதலில் வேலைசெய்தது ஹோட்டலிலோ மோட்டலிலோதான். கோப்பை கழுவினோம். அறை துப்புரவு செய்தோம். ஒரு சிவ்ற்றில் பதினாலு பதினைந்து அறை. ஒவ்வொரு அறையிலும் மெத்தையைத் தூக்கி விரிப்பின் நாலு மூலையையும் மடித்துச் செருகவேண்டும். குளியலறைத் தரையில் முழங்காலில் நின்று தேய்க்கவேண்டும். இரவில் இடுப்பு சொல்லும், எத்தனை மெத்தை தூக்கினோம் என்று. ஒரு இடத்தில் முன்மேசை வேலைக்கு எங்களில் ஒருவர் கேட்டபோது, உங்கள் உச்சரிப்பு விருந்தாளிக்குப் பிடிக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். வேலைக்குத் தடையாகாத உச்சரிப்பைச் சாட்டாகக் காட்டுவதும் சட்டப்படி பிழை என்று அன்று எங்களுக்குத் தெரியாது. சொல்லித்தரவும் ஆளில்லை.

இன்று நிலைமை வேறு. எங்கள் பிள்ளைகள் ஹோட்டல் முன்மேசையில் கோட்டும் ரையுமாக நிற்கிறார்கள். சிலர் முகாமையாளராகவும் இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், படித்தார்கள், முன்னேறினார்கள் என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். பெருமை சரி. ஆனால் கெட்டித்தனம் மட்டும் போதுமென்றால் 1963இலும் கெட்டிக்காரக் கறுப்பினப் பிள்ளைகள் இருந்தார்களே! அவர்களுக்கு ஏன் அந்த மேசை கிடைக்கவில்லை?

இந்தக் கதையை வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்:

“அண்ணை, அவங்கள் தங்கட சனத்துக்காகத்தானே போய்ப் படுத்தவங்கள்? எங்களை நினைச்சோ செய்தவங்கள்?”

நியாயமான கேள்வி. எங்களை அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கிணறு வெட்டுகிறவன் நாளைக்கு யார் தண்ணீர் அள்ளுவான் என்று பெயர் எழுதி வைத்தா வெட்டுகிறான்? தண்ணீர் குடிக்கிறவன் வெட்டியவனை நினைக்கவேண்டும். இதை நாங்கள் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் சிலவேளை பிள்ளைகள் காதுபடக் கறுப்பின மக்களைப் பற்றி இளக்காரமாகப் பேச்சு நடக்கிறது. அந்தப் பகுதிக்குப் போகாதே, அவர்களோடு சேராதே என்கிறோம். ஊரிலே எங்களை அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் ஓடிவந்தோம். வந்த இடத்தில் அதே பேச்சை நாங்கள் பேசலாமா?

இன்னொன்று. அடங்கி இரு, வேலையைச் செய், வாயைத் திறவாதே என்பதுதான் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் புத்திமதி. பயத்தில் பிறந்த புத்திமதி அது. அதைக் குறை சொல்லவும் முடியாது. வழக்கு முடியாதவர்கள் கைதாகும் இடத்துக்குப் போய் நிற்பது ஆபத்து. அதைச் செய்யுங்கள் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆனால் கைதாகாமல் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. வேலைத்தலத்தில் தொழிற்சங்கம் இருந்தால் சேரலாம். சம்பளத் தாளைக் கவனமாக வைத்திருக்கலாம். அநியாயம் நடந்தால் நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைக்கலாம். புதிதாக வந்தவர்களுக்கு உரிமையைச் சொல்லிக்கொடுக்கலாம்.

2018 ஒக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் ஏழு ஹோட்டல்களின் ஊழியர் ஏறக்குறைய 2,500 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலஸ் ஹோட்டலும் அதில் ஒன்று. ஒரு வேலையின் சம்பளத்திலேயே ஒரு மனிதன் வாழ முடியவேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அறை துப்புரவு செய்பவர், சமையற்காரர், பெட்டி தூக்குபவர் என்று அவர்களில் பெரும்பகுதியினர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். இரண்டு மாதம் குளிரிலும் மழையிலும் நடைபாதையில் சுற்றி நடந்தார்கள். டிசம்பரில் சம்பள உயர்வோடு உள்ளே போனார்கள். 1964இல் கேட்டது ‘எங்களை உள்ளே விடு’ என்று. 2018இல் கேட்டது ‘உள்ளே இருக்கும் எங்களை மனிதராக நடத்து’ என்று. கேள்வி இன்னும் முடியவில்லை.

பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்

வரும் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பலஸ் ஹோட்டலில் அறை எடுக்கவோ சாப்பிடவோ எங்களுக்குக் கட்டாது. அதற்கு அவசியமும் இல்லை. முன்கூடத்தில் நடந்து, கார்டன் கோர்ட்டின் கண்ணாடிக் கூரையை வாசலில் நின்று பார்க்கலாம். அரசர் இறந்தது, ஜனாதிபதி இறந்தது, பாடகர் ஓடியது எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு காலடியில் இருக்கும் தரையைக் காட்டுங்கள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியும் அவளுடைய கூட்டாளிகளும் ஓர் இரவு இங்கேதான் படுத்தார்கள் என்று சொல்லுங்கள். பின்வாசலால் மட்டும் வந்துபோன ஒரு சனம் அதன்பின்தான் முன்மேசைக்கு வந்தது என்பதையும், நாங்களும் அந்த வழியால்தான் வந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளியே வரும்போது மறக்காமல் முன்வாசலாலேயே வாருங்கள்.